நோகாத காலுக்குச் சப்பாத்து

குதிக்கால் தன் இடத்தில் போய்ச் சரியாக விழுந்தால் ஒரு சின்னச் சத்தம் கேட்கும். ஈரத் துணிப் பொட்டலத்தை யாரோ மேசையில் மெல்ல வைத்தது போன்ற, வாய் மூடிய சத்தம். இந்தக் கடைக்கு நான் வேலைக்கு வந்த முதல் நாள் காலையில், திரைக்கு அப்பாலிருந்து அதைக் கேட்டேன். தொடர்ந்து ஓர் ஆணின் நீண்ட பெருமூச்சு. பிறகு சப்பாத்தை இறுக்கும் பக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டப்படும் ஓசை. எத்தனையோ வருடங்களுக்கு முந்திய அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடிதான் இன்றைக்கும் மனிதர்களின் கால்மாட்டில் முழந்தாளில் இருக்கிறேன்.

லண்டனில் பனிமலை கிடையாது. ஆனாலும் பனிமலைக்குப் போகிறவர்களின் எரிச்சல் முழுவதும் முதலில் எங்கள் கடையின் மேல்மாடியில்தான் கொட்டப்படும். நான் அங்கே சப்பாத்துப் பொருத்துகிறேன். சாதாரணச் சப்பாத்து இல்லை. லிஃப்ட் ஓடாத மலையில் சறுக்குப் பலகையைக் காலில் பூட்டிக்கொண்டே ஏறி, அதே பலகையில் சறுக்கி இறங்குகிறவர்கள் போடுவது. ஏறும்போது கணுக்கால் மடங்க வேண்டும். இறங்கும்போது மடங்கவே கூடாது. பாரம் இருக்கக் கூடாது, பலம் இருக்க வேண்டும். ஒரே பொருளிடம் நேர் எதிரான குணங்கள் எல்லாவற்றையும் கேட்கிறார்கள், கலியாணப் பேச்சில் கேட்பதைப் போல.

கொழும்பில் ஆங்கில இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கினவள், இல்ஃபோர்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சப்பாத்துப் போட்டுவிட்டு, அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்த கதையை விடுவோம். கடையில் நின்று பிழைத்த எல்லோரிடமும் அப்படி ஒரு கதை இருக்கிறது. அவர்கள் இதை வாசித்தால் தலையாட்டுவார்கள். கடைக்கு வாங்க மட்டும் போகிறவர்கள் கொஞ்சம் வெட்கப்பட்டால் நல்லது.

கிராம் மனிதர்

இந்தச் சப்பாத்துகளை ஒப்பிடுகிறவர்கள் முதலில் செய்வது, இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று தூக்கிக் கண்ணை மூடிக்கொள்வது. காலில் போடுவதைக் கையால் எடை பார்க்கிறார்கள். கால் அதற்குள் எப்படி இருக்கும், குதிக்கால் எழும்புமா, பாதத்தின் அகலம் அடங்குமா என்பதெல்லாம் பிறகு. முதலில் கிராம்.

ஒருநாள் நல்ல பருமனான மனிதர் ஒருவர் வந்தார். வீட்டில் மேசை நிறையப் படித்துவிட்டு வந்திருந்தார். எந்தச் சப்பாத்து எதைவிட எத்தனை கிராம் குறைவு என்று எனக்கு ஒப்புவித்தார். முதுகில் ஒரு பை. அதை இறக்கி வைக்க நான் உதவியபோது என் தோள் இறங்கிவிட்டது. உள்ளே பெரிய கமரா, அதற்கு மூன்று லென்ஸ், ஒரு முக்காலி, ஒரு பிளாஸ்க், கடையில் வாங்கிய முழுக் கேக். மலைக்கும் இந்தப் பையைத்தான் கொண்டுபோவாராம். அவர் கேட்ட சப்பாத்து காகிதம் போல மெல்லியது. அந்த உடம்பும் அந்தப் பையும் மேலே நின்றால் இறக்கத்தில் கணுக்கால் ஆடும். இதை எவ்வளவு மரியாதையாகச் சொல்லலாமோ அவ்வளவு மரியாதையாகச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. பொறுமையாக எனக்கு விளக்கினார்: "அம்மா, உடம்பைக் குறைக்க வருசக்கணக்காகும். சப்பாத்தை இன்றைக்கே குறைக்கலாம்."

மலை தெரிந்தவர்

நான் பனியில் சறுக்கியதில்லை. சறுக்கப்போவதும் இல்லை. என் வயதில் பனியில் சறுக்குவது பேருந்துத் தரிப்பில் நடக்கும், அதற்குப் பெயர் விபத்து. ஆனால் மாடிப்படியேறி வருகிறவர்கள், கம்பளிச் சட்டைக்கு மேல் கடைப் பட்டியைக் கட்டிக்கொண்டு நிற்கும் என்னைக் கண்டதும் கண்ணால் வேறு யாரையோ தேடுவார்கள். அதற்கு நான் இன்னும் பழகவில்லை. பழகவேண்டிய விஷயமும் இல்லை அது.

ஒருவர் தேடவும் இல்லை, நேரடியாகவே கேட்டார், மலைக்குப் போகிற யாராவது இருக்கிறார்களா என்று. அதற்குள் அவருடைய பாதத்தை நான் அளந்து முடித்திருந்தேன். எங்கள் மனேஜர் ஒலிவர் வருடம் தவறாமல் மலைக்குப் போகிறவர். அவரைக் கூப்பிட்டேன். ஒலிவர் வந்து கைகொடுத்தார், பனி எப்படி இருக்கிறது என்று பேசினார், பிறகு பின்னறைக்கு வந்து என்னிடம், "எந்தச் சோடி, மிசிஸ் கே?" என்றார். உயரமான பாதம், ஒடுங்கிய குதி, இதைக் கொடு என்று எடுத்துக் கொடுத்தேன். ஒலிவர் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். கால் அப்படியே அமர்ந்தது. அந்த மூடிய சத்தம் எனக்குப் பின்னறை வரைக்கும் கேட்டது. வாடிக்கையாளர் போகும்போது என்னைத் தாண்டித்தான் போனார். என்மேல் இரக்கப்பட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்: "குறை நினைக்காதீர்கள். மலையில் நின்றவனுக்குத்தான் கால் விளங்கும்."

இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று

இரண்டு சப்பாத்தில் எது நல்லது என்று முடிவு செய்ய, இந்த மலைக்காரர்கள் எல்லோரும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இடது காலில் ஒரு கம்பெனி, வலது காலில் மற்றக் கம்பெனி. இப்படிப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்குவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு மனிதனின் இரண்டு காலும் ஒரே அளவில் நான் கண்டதில்லை. அவர்கள் ஒப்பிடுவது சப்பாத்தை இல்லை, தங்கள் இடதுகாலையும் வலதுகாலையும்.

ஒரு கணவனும் மனைவியும் ஒரு சனிக்கிழமை மத்தியானம் முழுவதும் இப்படி நடந்தார்கள். இரண்டு நொண்டிக் குதிரைகள் மாடியில் நடப்பது போல ஒரு தாளம். கீழே காசாளர் மேலே பார்த்துக்கொண்டே இருந்தார். நான் மெத்தென்ற உள்சப்பாத்தைக் கழற்றி வெறும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் கால் விடச் சொல்லி, விரலை முன்னே முட்டவைத்து, குதிக்குப் பின்னால் என் இரண்டு விரலை விட்டு இடைவெளி பார்த்தேன். காலை மாற்றிப் போடச் சொன்னேன். இரண்டு பேருக்கும் எது சரி என்று கண்டுபிடித்தும் கொடுத்தேன். நன்றி சொன்னார்கள், பெட்டியின் பக்கவாட்டைப் படம் எடுத்தார்கள், யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனார்கள். அடுத்த கிழமை வேறெங்கோ இருந்து தபாலில் வந்த பெட்டிகளோடு திரும்பி வந்தார்கள். உள்சப்பாத்தை எங்கள் மின்னடுப்பில் சூடாக்கி அவர்கள் பாதத்துக்கு வார்த்துக் கொடுக்க வேண்டுமாம். நான் வாயைத் திறக்கமுன் மனைவி முந்திக்கொண்டார்: "வாங்கினது வேற இடம்தான். ஆனால் எங்கள் கால் பழகினது உங்களோடு."

படம் எடுக்கும் மெசின்

ஒலிவர் ஒரு மெசின் இறக்கினார். அதன்மேல் வெறுங்காலோடு ஏறி நின்றால் பாதத்தைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்து, திரையில் நீலப் பாதம் ஒன்றைச் சுழலவிட்டு, பொருத்தமான சப்பாத்துகளை வரிசைப்படுத்தும். நிற்கிற காலைத்தான் அது படம் பிடிக்கும். மலையில் யாரும் நிற்கப் போவதில்லை என்று ஒலிவருக்குச் சொன்னேன். மெசின் வந்துவிட்டது என்றார். அது வேலை தொடங்கும்போது பள்ளிக்கூட மணி போல ஒரு ஓசை எழுப்பும். அதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும், "சனியன், சும்மா கிட" என்று நான் தமிழில் சொல்வது வழக்கம். லண்டனில் தாய்மொழி இருப்பதன் வசதிகளில் அதுவும் ஒன்று.

ஒருநாள் அப்படிச் சொன்னபோது மெசின்மேல் நின்ற பெண் சிரித்துவிட்டார். "அக்கா, நீங்க தமிழா?" என்றார். பெயர் சரோஜினி. மலேசியாவிலிருந்து சட்டம் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர், வெம்பிளியில் வீடு, நகரத்தில் சட்ட அலுவலகம். ஐம்பதைத் தாண்டியிருப்பார். தலைமுடி ஆண்பிள்ளை முடி போலக் கட்டையாக, புதிதாக முளைத்தது போல இருந்தது. மார்ச் மாதம் ஒரு குழுவோடு ஆல்ப்ஸ் மலைக்குப் போகிறாராம், ஒரு தங்குகுடிலில் இருந்து அடுத்த குடிலுக்குப் பலகையில் ஏறி ஏறி, கடைசி நாள் ஓர் உச்சிக்கு. மெசின் முதலாவதாகக் காட்டிய செம்மஞ்சள் சோடி, கடையிலேயே மெல்லியது, ஒடுங்கியது. அவருடைய முன்பாதம் அகலம் என்று கண்ணுக்கே தெரிந்தது. நான் தயங்கினேன். சரோஜினி திரையைக் காட்டினார்: "மெசினே சொல்லிருச்சு லா. நீங்க ஏன்க்கா கவலப்படுறீங்க?"

முகம் சொல்லாதது

இந்தத் தொழிலில் நாங்கள் பார்ப்பது காலை இல்லை, முகத்தை. பக்கிளை ஒவ்வொன்றாகப் பூட்டும்போது நிமிர்ந்து முகத்தைப் பார்ப்போம். புருவம் சுருங்கும், உதடு ஒரு பக்கம் இழுபடும், மூச்சு நிற்கும். நோகிறது என்று வாய் சொல்லமுன் முகம் சொல்லிவிடும். வெட்கத்தில் நோகவில்லை என்று பொய் சொல்கிறவர்களின் முகமும் உண்மையைத்தான் சொல்லும்.

சரோஜினிக்குச் செம்மஞ்சள் சோடியைப் பூட்டினேன். முகம் அசையவில்லை. பக்கிளை இன்னும் ஒரு பல் தள்ளி இறுக்கினேன். யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்தார். "நோகுதோ?" என்றேன். நல்லாத்தான் இருக்கு என்றார். உள்ளே ஒரு முட்டை இருந்திருந்தால் உடைந்திருக்க வேண்டிய இறுக்கம் அது. கழற்றினேன், சொக்ஸையும் இழுத்தேன். சின்ன விரல் பக்கத்து விரலுக்கு அடியில் மடிந்து, இரத்தமில்லாமல் வெள்ளையாகக் கிடந்தது. பெருவிரல் நகத்தின்மேல் என் கட்டைவிரலை வைத்து, எனக்கே கை நோகும்வரை அழுத்தினேன். அவர் இன்னும் வெளியேதான் பார்த்துக்கொண்டு இருந்தார். "இப்ப நான் அமத்தினது தெரிஞ்சுதோ, தங்கச்சி?" என்று கேட்டேன். திரும்பினார். முகத்தில் ஒரு பொய்யும் இல்லை. "எத அமுக்கினீங்க?"

லொறிச் சப்பாத்து

புற்றுநோய்க்கு எடுத்த மருந்து, விரல்களின் உணர்ச்சியைக் கொண்டுபோய்விட்டது. கணுக்காலுக்குக் கீழே பஞ்சு மாதிரி என்றார். அந்த மருந்து ஏறும் நாள்களில் கட்டிலில் கிடந்து, போனில் அந்த உச்சியின் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். எழும்பினால் அங்கே என்று தனக்குத்தானே சொன்னாராம். எனக்குக் கண் கலங்கியது. ஆனால் கோபம்தான் முதலில் வந்தது. மெசின்மேல் கோபம், ஒலிவர்மேல் கோபம், எங்கள் தொழில் முழுவதன்மேலும் கோபம். கிராம் எழுதுகிறார்கள், விறைப்புக்கு எண் எழுதுகிறார்கள், கணுக்கால் எவ்வளவு மடங்கும் என்று எழுதுகிறார்கள். பொருத்தம் என்று வரும்போது மட்டும் எல்லாவற்றையும் அவரவர் நோவிடம் விட்டுவிடுகிறார்கள். நோவே இல்லாத ஒருவர் வந்தால் யாரிடம் கேட்பது?

"உங்களுக்கு நான் சப்பாத்து விக்கமாட்டன்" என்றேன். "விக்கலன்னா வேற கடைக்குப் போவேன்" என்றார். போவார் என்று தெரிந்தது. வேறு கடையில் அவருடைய முகத்தை நம்புவார்கள். அதனால் வழிக்கு வந்தேன். கேட்க ஏலாவிட்டால் பார்க்கலாம். சனிக்கிழமைகளில் அவர் வந்து ஒரு சோடியைப் போட்டுக்கொண்டு மாடியில் நடந்து திரிவார். பிறகு கழற்றிச் சொக்ஸை உரித்து, இரண்டு பேரும் தோலைப் பார்ப்போம். சிவப்பு எங்கே இருக்கிறது, விரலால் தொட்டால் மறைகிறதா, தேத்தண்ணி குடித்து முடியமுன் போய்விடுகிறதா. போகாத சிவப்பென்றால் அந்தச் சோடி வேண்டாம். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி ஒன்றில் வந்து நின்றோம். அகலமான கூடு, தடித்த உள்சப்பாத்து, சாம்பல் நிறம், கடையிலேயே பாரமானது. சின்ன விரலுக்கு நேரே கூட்டைச் சூடாக்கி வெளியே தள்ளிவிட்டேன். தோல் தோலாகவே இருந்தது. எனக்கு அது பெரிய சந்தோசம். சரோஜினி கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் காலை அருவருப்போடு பார்த்தார்: "என்னாக்கா இது, லாரி ஓட்டவா போறேன்?"

கிரெக் கேட்ட கேள்வி

ஒரு விஷயம் பாக்கி இருந்தது. கூட்டிப்போகிற வழிகாட்டிக்கு இந்தக் கால் விஷயம் தெரியாது. குழுவில் சேரும்போது சரோஜினி சொல்லவில்லை. சொன்னால் எடுக்கமாட்டார் என்று பயம். மலையில் சிவத்த இடம் கொப்புளமாகும், கொப்புளம் உடைந்து புண்ணாகும், அதை யார் பார்ப்பது என்று கேட்டேன். நானே பார்ப்பேன் என்றார். குளிரில் களைத்து விழுந்த பிறகு எவரும் தன் சொக்ஸைக் கழற்றிப் பார்ப்பதில்லை என்று எனக்குத் தெரியும். வருடாவருடம் அந்தக் கால்கள் எங்களிடம்தான் திரும்பி வருகின்றன. "நீங்கள் சொல்லுங்கோ. சொல்லாட்டி நான் சொல்லுவன்" என்றேன். "சட்டம் படிச்சவ நானு. என் உடம்பு, என் ரகசியம்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

புறப்பட முந்திய சனிக்கிழமை, வழிகாட்டி கிரெக் தன் குழுவைக் கடைக்குக் கூட்டிவந்தார். ஸ்கொட்லாந்துக்காரர், அதிகம் பேசாத மனிதர். எல்லோருடைய பக்கிளையும் இழுத்துப் பார்த்துவிட்டு, எப்போதும் கேட்பதைக் கேட்டார்: "இவர்களில் நான் கூடுதலாகப் பார்க்க வேண்டியவர் யார்?" சரோஜினி என்னைப் பார்த்தார். சொல்லாதே என்று கண் கெஞ்சவில்லை, கட்டளையிட்டது. முதுகுக்குப் பின்னால் சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்கு முன்னாலேயே, அவரைப் பார்த்தபடியே, இவருடைய காலுக்கு நோத் தெரியாது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கிரெக் குனிந்து அந்தச் சாம்பல் சப்பாத்தைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "உங்களைக் கூட்டிப்போகிறேன். ஒவ்வொரு குடிலிலும் உங்கள் காலை நான் பார்ப்பேன். இறங்கு என்றால் இறங்கவேண்டும், வாதாடக்கூடாது."

கவுண்டரில் வைத்த பை

மார்ச் முடிந்து, பூங்காக்களில் மஞ்சள் பூ வந்த பிறகு சரோஜினி மாடியேறி வந்தார். முகம் வெயிலில் கருத்து, கண்ணைச் சுற்றி மட்டும் வெளுத்து, ஆள் நன்றாக இருந்தார். கையில் பை. அதற்குள் சாம்பல் சப்பாத்து. கவுண்டரில் வைத்தார். என்ன நடந்தது என்று கேட்டேன். நாள்கணக்காக ஒன்றும் இல்லையாம். உச்சிக்கு முந்திய நாள், கடைசிக் குடிலில், வலது குதிக்காலின் பக்கவாட்டில் ஒரு சிவப்பு. கிரெக் விரலால் தொட்டார், மறையவில்லை. காலையில் இன்னொருவரோடு பள்ளத்தாக்குக்கு அனுப்பிவிட்டார். மற்றவர்கள் உச்சியிலிருந்து போனில் படம் அனுப்பியபோது சரோஜினி ஒரு கோப்பிக் கடையில் இருந்தாராம்.

"புண் வரேல்லைத்தானே" என்றேன். வரல என்றார். "அப்ப நல்லது நடந்திருக்கு" என்றேன். என் குரலில் கொஞ்சம் வெற்றி இருந்திருக்க வேண்டும். பாதுகாப்பாக வந்துவிட்டாரே என்ற நிம்மதி ஒரு பக்கம், நன்றி சொல்லவில்லையே என்ற கோபம் மறுபக்கம். சனிக்கிழமை சனிக்கிழமையாக முழந்தாளில் நின்றவள் நான். சரோஜினி பையை என் பக்கம் தள்ளினார். குரலை உயர்த்தவில்லை, கோர்ட்டில் பேசுகிறவர் அல்லவா. "அக்கா, செத்துப் போயிருவேன்னு சொன்ன டாக்டர்கூட என்னக் கேட்டுட்டுத்தான் ஊசி போட்டாரு. நான் உங்ககிட்ட வந்தது ஒரு சோடி பூட்ஸுக்கு."

சப்பாத்துப் பொருத்துகிறவள் காலோடு நின்றுகொள்ள வேண்டும், அதற்கு மேலே இருக்கும் மனிதரிடம் போகக் கூடாது என்று ஒலிவர் சொல்கிறார், அப்படி நிற்கத் தெரிந்திருந்தால் நான் மெசினாகவே பிறந்திருப்பேன். அடுத்த மார்ச்சில் சரோஜினி வேறு கடையில் வாங்கிய செம்மஞ்சள் சப்பாத்தோடு, எதுவும் தெரியாத வேறொரு வழிகாட்டியின் பின்னால் அந்த உச்சிக்கு ஏறி இறங்கினார். இப்போது வெம்பிளியில் இருக்கிறார், வலது காலில் நாலு விரல்.